கருப்பனுக்குக் கூலி யாரு கொடுக்கிறது?

கோலி நாய் ஒண்ணு வாங்கிரலாமா தாத்தான்னு கேக்கிறே. தாராளமா வாங்கு பேராண்டி. காசு உன் காசு, ஊரு உன் ஊரு. நான் விசிட்டிங் விசாவுல வந்து ஹீட்டர் பக்கம் உக்காந்திருக்கிற கிழவன், எனக்கென்ன வந்துச்சு. ஒரே ஒரு சந்தேகம்தான். வர்ற கோலியும் உன் சொல்லைக் கேக்கலைன்னா அப்புறம் எதை மாத்துவே? வீட்டையா, பொண்டாட்டியையா? தாயி, நீ சிரிக்காதே. உன்னைச் சொல்லலை, பொதுவாச் சொன்னேன்.

கருப்பனைப் பாரு. குதிரைக் கொட்டகையில நடந்த தடை தாண்டுற ஓட்டத்துல தோத்துட்டு வந்த நாய், சோபா பூராவும் காலை நீட்டி, வெள்ளை வயித்தைக் காட்டிப் படுத்துக் கிடக்கான். அவன் மனசுல ஒரு துளி வருத்தம் இருக்கா? நீதான் தரையில உக்காந்து சுவத்தை முறைக்கிறே. அடியில முள்ளு முள்ளா ரப்பர் வச்ச ஷூ, நாயோட ஓடுறதுக்குன்னே செஞ்சதுன்னு சொல்லி வாங்கினே. வெலையைக் கேட்டேன், பவுண்டுல சொன்னே. ரூவாய்க்கு மாத்திப் பாத்துட்டு ஒரு செம்புத் தண்ணி குடிச்சேன். கருப்பனுக்கு வெறுங்காலு. அவன் ஒருதரமும் வழுக்கி விழலை. விழுந்தது யாருன்னு நான் ஊருக்கு எழுதப் போறதில்ல, பயப்படாதே.

இந்த அஜிலிட்டி என்ன அவ்வளவு பெரிய வேதமா? நீதானே படிச்சுக் காட்டினே. 1978ல லண்டன் ஒலிம்பியாவுல கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி. ஒரு போட்டி முடிஞ்சு அடுத்த போட்டி தொடங்குறதுக்குள்ள கூட்டம் எந்திரிச்சுப் போயிரக் கூடாது, ஏதாவது வேடிக்கை காட்டணும்னு ஜான் வார்லிங்கிறவரு யோசிச்சிருக்காரு. குதிரை தடை தாண்டுற ஆட்டத்தை நாய்க்குத் தக்கனச் சுருக்கினா என்னன்னு தோணியிருக்கு. பீட்டர் மீன்வெல்ங்கிற நாய்ப் பழக்குநர் சாமான்களையும் முறையையும் தயார் பண்ணினாரு. சனங்க தட்டின கைதட்டுல, 1980ல கென்னல் கிளப்பே சட்டதிட்டம் எழுதி அதைப் போட்டியா ஆக்கிருச்சு. இடைவேளையில ஆள் எந்திரிச்சுப் போகாம இருக்கப் போட்ட கூத்து அது. அதுக்கு நீ ராத்திரி சாப்பிடாம இருக்கே. சரி, உன் பங்கு தோசையை நான் சாப்பிட்டுட்டேன். அதுவும் வீணாப் போகலை.

கோலி ஏன் ஜெயிக்கிதுன்னு என்னைக்காவது யோசிச்சியா? இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல இருக்கிற மொட்டைக் குன்றுகள்ல ஆடு மேய்க்கிறவன் கீழ நின்னு சீட்டி அடிப்பான். எங்கேயோ தூரத்துல பொட்டாத் தெரியிற நாய் ஒரு சீட்டிக்கு இடது பக்கம் போகணும், இன்னொரு சீட்டிக்கு வலது பக்கம், மூணாவதுக்கு நின்ன இடத்துல படுக்கணும். வேல்ஸ்ல பாலாங்கிற ஊர்ல 1873லயே இதுக்குப் போட்டி நடத்திட்டாங்க. 1893ல நார்தம்பர்லாண்டுல பிறந்த ஓல்ட் ஹெம்ப்ங்கிற நாய்தான் இன்னைக்கு இருக்கிற கோலிக் கூட்டத்துக்கே மூத்த பாட்டன். மனுஷன் வாயையும் கையையும் பாத்துக்கிட்டே இருக்கிற குட்டியாப் பாத்துப் பாத்துப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையா வளர்த்த சாதி அது. நீ சுண்டுவிரலை ஆட்டினாலே அதுக்கு உத்தரவு. ஒரு தடவை ஓடினதுக்கு அது கேக்கிற கூலி என்ன தெரியுமா? இன்னொரு தடவை ஓட விடணும், அவ்வளவுதான். வேலையையே கூலியா வாங்கிட்டுப் போற ஆளுக்கு முதலாளியா இருக்க என்னலே சாமர்த்தியம் வேணும்?

கருப்பன் குலம் வேற. அவன் கிரேஹவுண்டு. நம்ம பக்கத்துச் சிப்பிப்பாறைக்கு இவன் சீமைப் பங்காளி. ரெண்டும் கண்ணால பாத்துத் துரத்துற வேட்டைச் சாதி. எங்க வீட்டுலயும் ஒரு சிப்பிப்பாறை கிடந்துச்சு, உங்கப்பனைக் கேட்டுப் பாரு. கூப்பிட்டா வராது. கோவமும் இல்ல, மரியாதைக் குறைவும் இல்ல. கேட்டுட்டேன்னு ஒரு காதை மட்டும் ஆட்டிட்டுப் படுத்துக்கிடும். ஆனா கரிசக்காட்டுல பருத்திச் செடிக்கு நடுவுல ஏதோ ஒண்ணு அசைஞ்சுதுன்னு வை, அப்ப பாக்கணும் அதை. என்ன அசைஞ்சுதுன்னு கேக்காதே. 1972லயே வனவிலங்குச் சட்டம் வந்தாச்சு, வயசான காலத்துல என்னை உள்ள தள்ளிராதே. நான் சொல்ல வந்தது வேற. மனுஷனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வேலை பாக்கிற சாதி இது. பின்னால நாம மூச்சு வாங்கிக்கிட்டுப் போய்ச் சேரும்போது அங்க வேலையே முடிஞ்சிருக்கும். திரும்பி நின்னு, ஐயா இடது பக்கம் போகட்டுமா வலது பக்கம் போகட்டுமான்னு உன்கிட்ட யோசனை கேக்க அதுக்கு நேரம் ஏது?

அந்தக் குலத்தைக் கூட்டிட்டு வந்து கம்புக்கு முன்னால நிக்க வச்சு, என் கையைப் பாரு என் கையைப் பாருங்கிறே. உன் கையில அவன் என்னத்தைப் பாக்கிறது? கடிகாரத்தையா?

பேராசிரியர் ஒருத்தரு புத்தகம் எழுதியிருக்காரு, ஸ்டான்லி கோரன்னு பேரு, 1994ல வந்ததுன்னு நீதான் கொண்டாந்து காட்டினே. எந்த நாய்ச் சாதிக்கு எவ்வளவு புத்தின்னு வரிசை போட்டிருக்காரு. முதல் இடம் கோலிக்கு, கடைசி இடம் ஆப்கான் ஹவுண்டுக்கு. யாரைக் கேட்டு அந்த வரிசையைப் போட்டாரு? கீழ்ப்படிதல் போட்டி நடத்துற நடுவர்களைக் கேட்டுப் போட்டாரு. சொன்னதை எவ்வளவு சீக்கிரம் கேட்டுச் செய்யிதுங்கிறதுதான் அவங்க கைவசம் இருக்கிற அளவுகோல். அந்த அளவுகோலை நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு வச்சுப் பாத்தா நாம ரெண்டு பேரும் எந்த இடத்துல நிப்போம்னு தாயியைக் கேளு. ஆப்கானுக்குத் துணையா இருக்கலாம். புத்தகத்தைக் குறை சொல்லலை. அவரே பாவம், சுபாவமா வர்ற புத்தி வேற, பழக்கத்துல வர்ற புத்தி வேறன்னு பிரிச்சுத்தான் எழுதியிருக்காரு. சனங்க வரிசையை மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டாங்க.

நீ தோக்கணும்னு ஆசப்பட்டா அதுக்கும் என்கிட்ட வழி இருக்கு. பாதி வழியை நீயே கண்டுபிடிச்சுட்டே, மீதியைச் சொல்றேன். அவன் பேரை இடைவிடாமக் கூப்பிட்டுக்கிட்டே இரு. கருப்பா, கருப்பா, கருப்பான்னு ஒரு மூச்சுக்கு ஏழு தடவை. அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லைன்னு அவன் சீக்கிரமே முடிவுக்கு வந்துருவான். அப்புறம், ஒழுங்கா ஒரு கம்பைத் தாண்டினான்னா உடனே மறுபடி தாண்டச் சொல்லு. ஒழுங்காத்தானே செஞ்சேன், பிறகு எதுக்கு மறுபடியும்னு அவன் குழம்புவான். மூணாவது தடவை கம்பைச் சுத்திக்கிட்டு வருவான், நாலாவது தடவை நின்ன இடத்துல நின்னு ஆகாசத்தைப் பாப்பான். அப்ப நீ இடுப்புல கை வச்சுப் பக்கத்துல நிக்கிறவங்களைப் பாத்து, இவனுக்குப் பிடிவாதம்னு சொல்லு. எல்லாரும் தலையாட்டுவாங்க. அவங்கவங்க வீட்டுலயும் அதே கதை ஓடிக்கிட்டிருக்கும். கடைசியா, வீட்டுக்கு வந்ததும் காசைக் கொட்டி இன்னொரு சாமான் வாங்கு. போன வாரம் வாங்கின டனல் பின்கட்டுல மழையில கிடக்கு. அதுல பக்கத்து வீட்டுப் பூனை குடித்தனம் வந்தாச்சு. கருப்பன் தினமும் ஜன்னல் வழியா அதைத்தான் பாக்கிறான். அவன் பார்வைக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

ஒண்ணை மட்டும் விளையாட்டாச் சொல்லலை, கேட்டுக்கோ. வயிறு முட்டச் சோறு போட்டுட்டு ஓட விடாதே. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கிடும், உசுருக்கே ஆபத்து. தோலும் மெல்லிசு, ஒரு வேலிக் கம்பி பட்டாலே கிழிஞ்சிரும். உடம்புல கொழுப்பு இல்லாதவன், குளிர்ல நிக்க வைக்காதே. உனக்குக் கோட்டு இருக்கு, எனக்குக் கோட்டு இருக்கு, அவன் முறை வர்ற வரைக்கும் அவனுக்கும் ஒரு கோட்டைப் போட்டுவிடு.

இன்னொண்ணு நீ கவனிச்சியோ என்னமோ. வலது பக்கம் திரும்பச் சொன்னா அவன் தடுமாறுறான், அகலமா வட்டம் போட்டு வாறான். நீ அதை மக்குத்தனம்னு நினைச்சே. அவன் வாழ்ந்த வாழ்க்கையை யோசி. பெரும்பாலான பந்தய நாய்களுக்கு நடக்கிறதுதான் இவனுக்கும். அயர்லாந்துல பிறந்து, காதுல பச்சை குத்தி, கப்பல்ல இங்க வந்து, ஆறு பெட்டியில ஒரு பெட்டிக்குள்ள நின்னு, கதவு திறந்ததும் யந்திர முயலுக்குப் பின்னால ஓடியிருக்கான். இந்த நாட்டுல அந்தத் தடமெல்லாம் ஒரே திசைதான், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. இடது, இடது, இடது. செக்கைச் சுத்தின மாட்டை அவுத்து விட்டாலும் அது வட்டமாத்தான் மேயும்னு எங்கய்யா சொல்லுவாரு. ஒரே பக்கம் சாஞ்சு சாஞ்சு ஓடின பாரம் பூராவும் வெளிப்பக்கக் கால்ல இறங்கியிருக்கும். பந்தய நாய்களுக்கு வலது பின்னங்கால் கணுக்கால் எலும்புதான் அதிகமா முறியும்னு டாக்டருங்க சொல்றாங்க. அதனால மேற்கொண்டு ஒரு கம்பைத் தாண்ட வைக்கிறதுக்கு முந்தி அந்தக் காலைக் காட்டிட்டு வா. காலு சரின்னு டாக்டர் சொன்னா, ஒரு மாசத்துக்குத் தாண்டலே வேண்டாம். நடக்கிற நடையில வலது பக்கம் திரும்பப் பழக்கு. திரும்பின உடனே கூலி.

இந்த நாட்டுல அந்த ஓட்டப் பந்தயம் தொடங்கினதே இந்த ஊர்லதானே. மான்செஸ்டர்னா நான் துணிமில்லு ஊருன்னு மட்டும் நினைச்சிருந்தேன். பெல் வியூவுல 1926 ஜூலை 24ல யந்திர முயலை விட்டு நாயை ஓடவிட்டாங்க, இங்கிலாந்துல அந்த மாதிரி வட்டத் தடம் அதுதான் முதல். 2020ல அந்த மைதானத்தையே மூடிட்டாங்க. நடுவுல மிக் த மில்லர்னு ஒரு நாய், 1929லயும் 1930லயும் டெர்பியை ஜெயிச்சு, சினிமா நட்சத்திரம் கணக்காப் பேரு வாங்கி, செத்த பிறகு பாடம் பண்ணி டிரிங்ல இருக்கிற மியூசியத்துல நிக்கிது. உள்ள பஞ்சை அடைச்ச பிறகுதான் அந்தக் குலத்துல ஒருத்தன் சொன்ன இடத்துல அசையாம நின்னிருக்கான். நம்ம ராஜபாளையம் நாய்க்கும் 2005ல தபால்தலை போட்டாங்க. அது எந்தச் சீசாப் பலகையில ஏறி அந்த மரியாதையை வாங்குச்சு?

சரி, ஓடவே வேண்டாம்னா சொல்றேன்? இல்ல. கருப்பனும் தாண்டுவான், வளைவான், ஏறுவான். அவன் குலத் தொழில் என்ன, அதுக்கு என்ன கூலின்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கணும். ஓடிப் போறதைத் துரத்துறது அவன் தொழில். அப்ப ஓடிப்போக வேண்டியவன் யாரு? நீ. உனக்கு அவ்வளவு வெலைக்கு ஷூ எதுக்கு? கம்புக்கு இந்தப் பக்கம் அவனை நிறுத்தி, அந்தப் பக்கம் அவன் மூஞ்சிக்கு எதிரா நின்னுக்கிட்டு வா வான்னு கையைத் தட்டினா, நீ ஒரு வேலிக் கல்லு, அவ்வளவுதான். முதுகைக் காட்டி ஓடு. ஓடும்போது ஒரு கயித்து நுனியில ஆட்டுத்தோல் துண்டைக் கட்டித் தரையில இழுத்துக்கிட்டு ஓடு. அவன் கண்ணு மாறுறதைப் பாரு. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடக்கூடியவன் அவன். நீ எவ்வளவு ஓடுவேன்னு சொல்ல வேண்டாம், அவன் பிடிச்சிருவான். பிடிச்சதும் தோலை அவன் வாயில விட்டுரு. பிடிச்ச பொருளைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, இன்னும் நாலு கம்பு தாண்டினாத்தான் தருவேன்னு பேரம் பேசாதே. பந்தயத் தடத்துல அந்த யந்திர முயலு அவனுக்கு ஒரு நாளும் சிக்கினதில்ல. முதல் முறையா ஒண்ணு சிக்கட்டும்.

இதைத் திறந்தவெளியில செய்யாதே. கருப்பன் கண்ணுக்கு ஒரு அணில் பட்டா அடுத்த பஸ் ஸ்டாப்புக்கு நீ போறதுக்குள்ள அவன் அடுத்த ஊர்ல இருப்பான். இங்கதான் உயரமா வேலி போட்ட வயக்காட்டை மணிக்கணக்குல நாய்க்காரங்களுக்கு வாடகைக்கு விடுறாங்களே, அதை எடு. நம்ம ஊர்ல தரிசு நிலத்தை வச்சுக்கிட்டு இப்படி ஒரு வரும்படி இருக்கிறது தெரியாம இருந்திட்டோம்.

மூணு தடவை போதும். மூணாவது தடவை நல்லா வந்தா மூட்டையைக் கட்டு. ரெண்டாவது தடவையே நல்லா வந்தா ரெண்டோட கட்டு. கோலிக்காரங்க அம்பது தடவை செய்யிறாங்கன்னு பாக்காதே. அவங்க நாயை நிறுத்தத்தான் அவங்களுக்குத் தெம்பு வேணும். உன் நாயைக் கிளப்பத்தான் உனக்கு வேணும். ஒரு சின்ன ஆசையோட அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா அடுத்த வாரம் காரை விட்டு இறங்கும்போதே வாலை ஆட்டுவான்.

சாமான்களைப் பத்தி. பெரிய நாய்களுக்குக் கம்பு உயரம் 60 சென்டிமீட்டர். அவன் தோளே 70 இருக்கும். நீ உயரத்தைப் பத்திக் கவலைப்படுறே, அவன் நினைச்சா அசதியில கொட்டாவி விட்டுக்கிட்டே தாண்டுவான். அவனுக்குச் சிக்கல் இறங்கின பிறகுதான். வேகத்தோட வந்து விழுந்து, உடனே மடங்கித் திரும்பணும். அதனால கம்பைத் தரையோட வச்சுத் திருப்பத்தை முதல்ல கத்துக்கொடு. டனலுக்கு விட்டம் 60 சென்டிமீட்டர், அவன் குனிஞ்சுதான் போகணும். முதல்ல சுருக்கிச் சின்னதா வை. மறுமுனையில உன் மூஞ்சி தெரியணும், மூஞ்சிக்குக் கீழ அந்தத் தோலும் தெரியணும். மூஞ்சி மட்டும் போதாது, சொல்லிட்டேன்.

ஏறி இறங்குற ஏ-பிரேம், டாக் வாக், சீசா இதெல்லாம் அவனுக்குப் புது உலகம். வீட்டுக்கு வந்தப்ப மாடிப்படியைப் பாத்து நடுங்கினவன்தானே? பந்தயக் கொட்டடியில படி ஏது. நீ ஒவ்வொரு காலாத் தூக்கித் தூக்கி வச்சே, அப்ப உனக்குப் பொறுமை இருந்துச்சு. கொட்டகையில நாலு பேரு பாக்கிறாங்கன்னதும் பொறுமையைக் காணோம். ஒரு பலகையைத் தரையில போட்டு அதுமேல நடக்க வை. அப்புறம் அடியில ஒரு செங்கல். சீசா பொத்துன்னு விழுற சத்தம்தான் அவனுக்குப் பயம். அடியில மெத்தையைப் போட்டுச் சத்தத்தைக் குறை. ஏறி இறங்குற சாமான்ல அடிப்பக்கம் வேற நிறம் அடிச்சிருக்கே, அதுல கால் படாமத் தாவினா குத்தம். இவன் ஒரு தாவுல அதைத் தாண்டிப் போயிருவான். அதனால முன்னங்கால் தரையில, பின்னங்கால் பலகையில நிக்கப் பழக்கு. நின்னதும் கூலி. கம்பு நட்டு வளைஞ்சு வளைஞ்சு போற ஆட்டம் இருக்கே, வீவ், அதுதான் கடைசி. பன்னிரண்டு கம்பு, 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. இவன் நீளத்துக்கு ஒரே நேரத்துல ரெண்டு கம்புக்கு உடம்பு வளையணும். கம்பை ரெண்டு வரிசையாப் பிரிச்சு நடுவுல சந்து விட்டு, சந்துல ஓட விட்டு, வாரத்துக்கு ஒரு விரல் அகலம் நெருக்கிக்கிட்டே வா. அவசரப்பட்டா முதுகு போகும், அவனுக்கு.

உக்காரு உக்காருன்னு கத்துறதையும் நிறுத்து. அந்தத் தொடைச் சதைக்கும் அந்த நீளக் காலுக்கும் குந்தி உக்கார்றது சௌகரியமில்ல. தொடக்கக் கோட்டுல நாய் உக்காந்துதான் இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. நிக்கட்டுமே.

அந்தக் குதிரைக் கொட்டகையில நான் ரசிச்சது கருப்பனை மட்டுமில்ல. குட்டைக்கால் டாக்ஸ்ஹண்டு ஒண்ணு வந்துச்சே, வளைக்குள்ள புகுந்து பிடிக்கிற குலம், டனலைக் கண்டா அதுக்குச் சந்தோசம் தாங்கலை, மூணு தடவை போய் வந்துச்சு. அது முதுகுக்கு உயரம் ஆகாதுன்னு அந்த அம்மா கம்பைத் தரையோட வச்சுட்டாங்க, கெட்டிக்காரி. பீகிள் ஒண்ணு குதிரைச் சாணத்தை மோந்து பாத்தே அரை மணியை ஓட்டுச்சு. மூக்குத் தொழில்காரன் மூக்கைத்தானே வேலைக்கு வைப்பான். அதோட எசமானுக்கு மூஞ்சி சிவந்து போச்சு. நானா இருந்தா அந்தச் சாணத்தையே கூலியாக் கொடுத்திருப்பேன், செலவு மிச்சம்.

நீ போன்ல காட்டின கிராட்டு ஞாபகம் இருக்கா? ருமேனியாவுல இருந்து மீட்டுக் கொண்டாந்த மொசுமொசுன்னு பெரிய நாய். மந்தைக்குக் காவல் நிக்கிற குலத்துக் கலப்பு. கிரஃப்ட்ஸ்ல மீட்பு நாய்களுக்கு நடத்துற ஓட்டத்துல, 2020ல, கம்பைத் தூக்கிக்கிட்டு ஓடி, டனலுக்குள்ள போய் உக்காந்து தலையை மட்டும் நீட்டிப் பாத்தானே. அரங்கமே எந்திரிச்சு நின்னு சிரிச்சுச்சு. மந்தைக் காவலுக்குப் போன குலம் மேய்ப்பன் ஊர்ல இல்லாதப்பவும் தானா முடிவெடுத்துப் பழகினது. அன்னைக்கும் அவன் ஒரு முடிவு எடுத்தான். நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர்ல 2019ல விங்கின்னு ஒரு பிஷோன் பிரீஸே, வெள்ளைப் பஞ்சுருண்டை, சாமான் மேல நின்னு நின்னு கூட்டத்தை வேடிக்கை பாத்து, கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி நடையில ஓட்டத்தை முடிச்சுச்சு. அன்னைக்கு ஜெயிச்ச நாய் எதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. விங்கியைத் தெரியும்.

உடனே ஜெயிக்கிறது கோலி மட்டும்தான்னு முடிவு கட்டாதே. அதே வெஸ்ட்மின்ஸ்டர்ல 2024ல நிம்பிள்னு ஒரு கலப்பு நாய் ஜெயிச்சுச்சு, அங்க ஜெயிச்ச முதல் கலப்பு நாய் அதுதான். ஆனா நீ குதிக்காதே. அதுல பாதி கோலி. மீதிப் பாதி பாப்பியோன், அதுவும் எள்ளுன்னா எண்ணெயா நிக்கிற சாதி.

போட்டிக்குப் போறதுன்னு வச்சுக்கோ. அங்க எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஓட்டத்துக்கு முந்தி நாய்க்காரங்க எல்லாரும் நாய் இல்லாம மைதானத்துல இறங்கி, காத்துல கையை ஆட்டிக்கிட்டு, திடீர்னு திரும்பி, தனக்குத்தானே பேசிக்கிட்டு நடக்கிறீங்களே, அதுதான். தடம் பாக்கிறதாம். கிராமத்துல ஒருத்தன் அப்படி நடந்தா மனசு சரியில்லைன்னு குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்போம். நீயும் நட, தப்பில்ல. ஆனா நடக்கும்போது உன் கால் கணக்கைப் பாக்காதே, அவன் தாவுக் கணக்கைப் பாரு. கோலி நாலு எட்டு வைக்கிற இடத்துல இவன் ரெண்டே தாவுல போயிருவான். நீ கையைத் தூக்கும்போது அவன் அடுத்த கம்பைத் தாண்டி அப்பால நின்னு உன்னைப் பாத்துக்கிட்டிருப்பான். எங்க திரும்பணுமோ அதுக்கு ஒரு கம்பு முந்தியே உன் உடம்பு திரும்பியிருக்கணும்.

கம்பு விழுந்தா அஞ்சு குத்தம், மூணு தடவை மறுத்தா வெளிய. போட்டி வளையத்துக்குள்ள தீனி கொண்டு போகக் கூடாது, நாயைத் தொடவும் கூடாது. கூலி வாங்காம வேலை செய்யாதவனுக்கு அது கஷ்டம்தான். அதுக்கும் வழி வச்சிருக்காங்க. போட்டிக்கு இல்ல, பழக்கத்துக்குத்தான் ஓடுறேன்னு முன்கூட்டியே சொல்லிட்டா இப்ப பொம்மையோட உள்ள விடுறாங்க. முதல் ஓட்டம் நாலஞ்சு அப்படியே ஓடு. ரெண்டு கம்பு, ஒரு டனல், தோலை வாயில கொடு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய வா. நடுவர் முழிப்பாரு. முழிக்கட்டும். முன்னால குட்டையா, வெள்ளையா, மொசுமொசுன்னு ஏதாவது ஓடுற நேரம் பாத்து மட்டும் கருப்பனை வளையத்துப் பக்கத்துல நிறுத்தாதே. பந்தயக் கொட்டடியில இருந்த காலம் பூராவும் கிரேஹவுண்டைத் தவிர வேற நாயையே பாக்காதவன். அதை நாய்னு நாம சொன்னா அவன் நம்பணுமே.

என்னது, நான் கூப்பிட்டா மட்டும் கருப்பன் எப்படி ஓடி வாரான்னா? வயசுக்கு மரியாதைன்னு சொன்னா நம்புவியா? நம்ப மாட்டே. அந்த ஆணியில தொங்குற உன் நீலக் கோட்டை எடு. குளிருக்கு நான் போட்டுட்டுப் போனேனே, அதுதான். வலது பையில கையை விடு. டின் மத்தி மீன், தண்ணியில போட்டது, துடைச்சுத் துண்டு துண்டாக் காயிதத்துல மடிச்சு வச்சிருக்கேன். காயிதம் கொஞ்சம் ஊறிப் போச்சு. போன வாரத்துல இருந்து வீட்டுல என்னமோ வாடை அடிக்குதுன்னு தாயி தேடிக்கிட்டிருக்கா. அவ கேட்டா உன் கோட்டுதானேம்மான்னு நான் சொல்லிருவேன், நீ ஒண்ணும் மறுத்துப் பேசிராதே.